மூன்றாவது கட்டம்

சென்ற மாதம் மதுரையில் ஒரு மருத்துவமனையில் முழு உடல் பரிசோதனைக்காகக் காத்திருந்தேன். ஐம்பது வயதைத் தாண்டியவர்களை அலுவலகமே அனுப்பிவைக்கிற பரிசோதனை. வெறும் வயிற்றில் இரத்தம் கொடுத்தாகிவிட்டது. உடன் வந்திருந்த மகள் பக்கத்து நாற்காலியில் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இருபத்திரண்டு வயது மதிக்கத்தக்க ஒரு செவிலியர் படிவத்தோடு வந்து எதிரே உட்கார்ந்தார். சர்க்கரை உண்டா, பிரஷர் உண்டா, குடும்பத்தில் யாருக்காவது மாரடைப்பு வந்திருக்கிறதா என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்தவர் புகைப்பழக்கம் என்ற இடத்துக்கு வந்தார். அங்கே மூன்று கட்டங்கள் இருந்தன. உண்டு. இல்லை. விட்டுவிட்டார்.

"ஸ்மோக் பண்ணுவீங்களா சார்?"

"விட்டுட்டேன்மா. எட்டு வருஷம் ஆச்சு."

"சுத்தமா விட்டாச்சுல்ல? இனிமே கிடையாதுல்ல?"

அவர் அதைப் பெரிய கேள்வியாகக் கேட்கவில்லை. மூன்றாவது கட்டத்தில் டிக் அடிப்பதற்கு முன் எல்லோரிடமும் கேட்பதாக இருக்கும். ஆனால் நான் ஆமாம் என்று சொல்லவில்லை. பேனா காகிதத்துக்கு மேலே நின்றது. நான் சும்மா இருந்தேன். எனக்குப் பதிலாக வேறொருவர் பதில் சொன்னார். அந்தப் பதிலுக்குக் கடைசியில் வருகிறேன். அந்த இரண்டு மூன்று நொடிகளில் என் வாயை அடைத்தது எது என்பதை முதலில் சொல்லிப் பார்க்க வேண்டும்.

முதல் கேள்வி நடந்து முடிந்ததைப் பற்றியது. எட்டு வருடம் என்பது எனக்குத் தெரியும். இரண்டாவது கேள்வி இனி நடக்கப்போவதைப் பற்றியது. அது எனக்கு எப்படித் தெரியும்? தெரியாத ஒன்றைத் தெரிந்ததுபோலச் சொல்வது பொய் என்றால், ‘நிரந்தரமாக விட்டுவிட்டேன்’ என்று உயிரோடிருக்கும் எவர் சொன்னாலும் அது பொய்தானா? இல்லையென்றால் அது எந்த வகையான வாக்கியம்?

இதைச் சொல்விளையாட்டு என்று சிலர் நினைக்கலாம். எனக்கு அப்படி இல்லை. ஒருமுறை அந்த வாக்கியத்தை நான் சொன்னேன். அதன் விலையை ஒரு பன்னிரண்டு வயதுக் குழந்தை கொடுத்தது.

*

நான் பீடியில் வளர்ந்தவன். கடையத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அந்த வட்டாரத்தில் பீடி சுற்றாத வீடுகளை எண்ணிவிடலாம். அம்மா காலையில் சோற்றை வடித்து இறக்கிவிட்டுச் சுளகை மடியில் வைத்து உட்கார்ந்தால் இருட்டும்வரை எழுந்திருக்க மாட்டாள். நனைத்து வைத்த இலையைக் கத்தரியால் அளவாக வெட்டுவது, தூளை வைத்து உருட்டுவது, நுனியை மடக்குவது, நூலைச் சுற்றி அறுப்பது. கண் தட்டைப் பார்க்காது, பேச்சு நிற்காது, விரல் மட்டும் ஓடும். ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. கடையில் கொண்டுபோய்ப் போட்டால் செக்கர் ஒவ்வொரு கட்டாகப் பிரித்துப் பார்த்து, சரியில்லாததைக் கழித்துத் தூக்கிப் போடுவார். கழித்ததற்குக் கூலி கிடையாது. நான் பள்ளிக்கூடம் போனது, பாளையங்கோட்டையில் கல்லூரி படித்தது எல்லாம் அந்த விரல்களில் இருந்து வந்தது.

அம்மா வாழ்நாளில் ஒரு பீடிகூடக் குடித்ததில்லை. ஆனால் புகையிலைத் தூள் அவளுக்குள் போய்க்கொண்டேதான் இருந்தது. விடியற்காலையில் அவள் இருமுகிற சத்தத்தில்தான் நான் பரீட்சைக்கு எழுந்து படிப்பேன்.

பதினெட்டு வயதில், கல்லூரி விடுதியில், நான் சிகரெட்டைத் தொட்டேன். பீடியைத் தொடாமல் சிகரெட்டைத் தொட்டதில் ஒரு அற்பக் கௌரவம் இருந்தது. முதல் விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது, பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஒன்றை இழுத்து முடித்து, மிட்டாய் போட்டுக்கொண்டுதான் வீட்டுக்குள் போனேன். புகையிலைக்கு நடுவில் முப்பது வருடம் உட்கார்ந்திருந்தவளுக்கு மிட்டாய் ஒரு மறைப்பா? தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"நான் சுத்துனது பத்தாதுன்னு நீ வேற இழுக்கியா?"

அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு எந்நாளும் சொன்னதில்லை. இந்த வாக்கியத்தை இருபத்தாறு வருடம் நான் இரண்டு விதமாகவும் பயன்படுத்தினேன். குற்றவுணர்ச்சி வேண்டியபோது அதை எடுத்து வருந்திக்கொள்வேன். சாக்கு வேண்டியபோது, பீடி போட்ட சோற்றைத் தின்று வளர்ந்தவன் புகைக்கு எதிராக நல்லவன் வேஷம் போட முடியுமா என்று அதையே திருப்பிப் பிடிப்பேன். புகைப்பவனின் மூளை எந்த வாக்கியத்தையும் தனக்குச் சாதகமாக வளைக்கத் தெரிந்த வக்கீல்.

கெடுதல் என்று தெரியாமல் புகைத்தேன் என்று மட்டும் என்னால் சொல்ல முடியாது. அறிந்தே யாரும் தவறு செய்வதில்லை என்று சாக்ரடீஸ் வாதிட்டதாக பிளேட்டோ எழுதியிருக்கிறார். தெரிந்தும் செய்கிறார்களே என்று அரிஸ்டாட்டிலுக்கு அது உறுத்தியது. ஆசையின் பிடியில் இருப்பவனுக்கு அறிவு இருக்கிறது, ஆனால் குடிபோதையில் இருப்பவன் செய்யுளை ஒப்பிப்பதுபோல இருக்கிறது என்றார் அவர். சொற்கள் சரியாக வரும், பொருள் உள்ளே இறங்காது. புகைப்பிடிப்பவர்கள் அப்படி நன்றாக ஒப்பிப்போம். பெட்டியின் மேலிருக்கும் புண்ணாகிப்போன வாயின் படத்தைப் பார்த்துக்கொண்டே அதைத் திறப்போம்.

இதில் எனக்கு எப்போதும் வியப்பு தருபவர்கள் இரண்டு மருத்துவர்கள். ரிச்சர்ட் டால், 1950-ல் பிராட்ஃபோர்ட் ஹில்லுடன் சேர்ந்து நுரையீரல் புற்றுநோய்க்கும் சிகரெட்டுக்கும் உள்ள தொடர்பை எழுதியவர். அதுவரை அவரே புகைப்பவர். ஆய்வின் எண்கள் சேரச்சேர, அது முடிவதற்கு முன்பே நிறுத்திவிட்டார். மற்றவர் சிக்மண்ட் ஃபிராய்ட். 1923-ல் வாயில் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டது. முப்பதுக்கும் மேற்பட்ட அறுவை சிகிச்சைகள் நடந்தன. 1939-ல் இறந்தார். சுருட்டை மட்டும் அவரால் விட முடியவில்லை. மனித மனத்தைப் பற்றி டாலைவிடக் குறைவாக அறிந்தவரா ஃபிராய்ட்? அறிவு இங்கே வாசல்வரைதான் கூட வருகிறது.

*

விடுவது பற்றி நான் பார்த்த மிக விசித்திரமான காட்சி என் தாய்மாமாவுடையது. அவர் ஒரு நாளைக்கு இரண்டு கட்டு பீடி குடிப்பவர். கட்டுக்கு இருபத்தைந்து. காலையில் கண் விழித்ததும் முதல் வேலை தலையணைக்கடியில் கைவிட்டுத் தீப்பெட்டியைத் தேடுவது. அப்பேர்ப்பட்டவர் கார்த்திகை ஒன்றாம் தேதி மாலை போட்டுக்கொண்டால் அன்றோடு சரி. 41 நாள். முணுமுணுப்பு கிடையாது, எரிச்சல் கிடையாது. விடியற்காலைக் குளியல், கறுப்பு வேட்டி, சரணம். பீடிக்கடை வாசலில் நின்று கடைக்காரரிடம் ஊர்க்கதை பேசிக்கொண்டிருப்பார். ஒருநாள் வேண்டுமென்றே கைநீட்டிப் பார்த்தாராம். "சாமிக்குக் கிடையாது" என்று கடைக்காரர் சிரித்துக்கொண்டே டப்பாவை மூடினாராம்.

மலைக்குப் போய்விட்டு வருவார். வீட்டுக்கு வந்து, என் பாட்டி கையால் மாலையைக் கழற்றி, சாமி படத்தில் போட்டுவிட்டுத் திண்ணைக்கு வருவார். அங்கே ஒரு பீடி காத்துக்கொண்டிருக்கும். முதல் இழுப்பில் கண்ணை மூடிக்கொள்வார். அந்த முகத்தில் தெரிந்த நிம்மதியை நான் சன்னிதானத்திலிருந்து திரும்பிய வேறெந்த முகத்திலும் பார்த்ததில்லை.

சின்ன வயதில் இது எனக்கு வேடிக்கை. பிறகு இதுதான் பெரிய புதிராக ஆனது. நிகோடினின் கணக்கு வேறு மாதிரியானது. ஒரு இழுப்பில் உள்ளே போன நிகோடின் சில நொடிகளில் மூளையைத் தொடுகிறது. இரத்தத்தில் அதன் அளவு சுமார் இரண்டு மணி நேரத்தில் பாதியாகிவிடுகிறது. விட்டவனுக்கு வருகிற எரிச்சல், தூக்கமின்மை, கவனச்சிதறல் எல்லாம் முதல் சில நாட்களில் உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு வாரங்களில் பெரும்பாலும் அடங்கிவிடுகின்றன. அதாவது 41-வது நாள் மாமாவின் உடம்பு பீடியைக் கேட்கவில்லை. கடினமான பகுதியை அவர் ஏற்கெனவே தாண்டிவிட்டார். கரையேறி நின்றவர் ஏன் மறுபடி ஆற்றில் குதித்தார்?

முப்பத்தாறு வயதில் நானும் இதைச் செய்து பார்த்தேன். பக்தியால் இல்லை, தந்திரமாக. ஐயப்பன் என்னை மன்னிப்பாராக. மாலை போட்டால் விட்டுவிடலாம், பிறகு அப்படியே தொடரலாம் என்பது திட்டம். 41 நாளும் எனக்கும் சுலபமாகவே இருந்தது. எதிர்ப்படுபவர்கள் எல்லாம் சாமி என்று கூப்பிடும்போது சாமியாக இருப்பது சிரமமில்லை. மாலையைக் கழற்றிய அன்று சாயங்காலம் பெட்டிக்கடையில், தொங்குகிற கயிற்று நெருப்பில் பற்றவைத்தேன். அடுத்த வருடமும் அதே கதை.

அப்போதுதான் புரிந்தது. மாமாவும் நானும் எதையும் விடவே இல்லை. தள்ளி வைத்திருந்தோம். முதல் நாள் மாலை போடும்போதே 42-வது நாளின் புகை மனதின் ஒரு மூலையில் எரிந்துகொண்டிருந்தது. அது இருந்ததால்தான் 41 நாள் சுலபமாக இருந்தது. முடிவுத் தேதி உள்ள துறவை யாராலும் தாங்க முடியும்.

தமிழில் இதற்கு இரண்டு சொற்கள் ஒரே வேரிலிருந்து வருகின்றன. விடுமுறை, விடுதலை. விடுமுறையில் போனவன் திரும்பி வர வேண்டும், அவன் நாற்காலி அப்படியே இருக்கும். மாமா வருடத்துக்கு ஒருமுறை பீடியிலிருந்து விடுமுறை எடுத்துக்கொண்டவர்.

*

நான் சொந்தமாகவும் பல தேதிகள் குறித்திருக்கிறேன். ஜனவரி 1, சித்திரை 1, என் பிறந்தநாள், திருமண நாள். ஒவ்வொன்றுக்கும் முந்தைய இரவு கடைசி சிகரெட். மொட்டை மாடியில், தனியாக, ஏதோ இறுதிச்சடங்கு போல. அந்தச் சிகரெட்டுக்கு இருக்கிற ருசி வேறெதற்கும் கிடையாது.

இத்தாலோ ஸ்வேவோ 1923-ல் வெளியிட்ட ‘ஜெனோவின் மனசாட்சி’ நாவலைப் பின்னால் படித்தபோது எனக்குக் கூச்சமாகிவிட்டது. அதன் நாயகன் ஜெனோ வாழ்நாள் முழுக்கக் கடைசி சிகரெட் பிடித்துக்கொண்டே இருக்கிறான். அழகான தேதிகளைத் தேடித்தேடிக் குறித்து வைக்கிறான். ஸ்வேவோவும் அப்படித்தான் இருந்தாராம். 1928-ல் கார் விபத்துக்குப் பின் மரணப்படுக்கையில் ஒரு சிகரெட் கேட்டு, மறுக்கப்பட்டபோது, இதுதான் நிஜமாகவே கடைசியாக இருந்திருக்கும் என்று சொன்னதாக ஒரு கதை உண்டு.

ஜெனோவிடமிருந்து நான் தெரிந்துகொண்டது இது: விடுவேன் என்ற தீர்மானத்திலேயே ஒரு போதை இருக்கிறது. தீர்மானம் எடுக்கிற அந்த இரவில் நான் புகைப்பவனாகவும் இருக்கிறேன், புகையை வென்றவனாகவும் இருக்கிறேன். இரண்டின் இன்பமும் ஒரே சமயத்தில் கிடைக்கிறது. நாளை காலையில் எழுந்திருக்கப்போகும் அந்த அப்பாவி மனிதன்தான் வேலையைச் செய்ய வேண்டும். அவன் தலையில் கட்டிவிட்டு நான் நிம்மதியாகத் தூங்கப் போகிறேன்.

அந்த அப்பாவியைப் பற்றி சார்த்தர் எழுதியிருக்கிறார். 1943-ல் வந்த ‘இருத்தலும் இன்மையும்’ நூலில் ஒரு சூதாடி வருகிறான். இனி ஆடுவதில்லை என்று மனப்பூர்வமாகத் தீர்மானித்தவன். மறுநாள் ஆட்ட மேசையை நெருங்கும்போது நேற்றைய தீர்மானத்தைத் தேடுகிறான். அது நினைவில் இருக்கிறது, ஆனால் அவனைத் தடுக்கிற சக்தி அதில் இல்லை. நேற்று கட்டிய சுவர் என்று நினைத்தது ஒரு சுவரின் படம். அவனைத் தடுக்க எதுவுமே இல்லை, அவன் இப்போது மறுபடி தீர்மானித்தால் ஒழிய. அதே நூலில் சார்த்தர் தான் சிகரெட்டை விட முயன்றதைப் பற்றியும் எழுதுகிறார். அதற்குப் பிறகும் பல வருடங்கள் அவர் புகைத்தார் என்பதால் அந்தப் பக்கங்களின் உண்மை குறைந்துவிடவில்லை.

சார்த்தர் சொல்வது சரியென்றால் ‘நிரந்தரமாக’ என்ற சொல்லுக்கு இடமே இல்லை. ஒவ்வொரு முறை பெட்டிக்கடையைக் கடக்கும்போதும் புதிதாக விட வேண்டும். நான் வெகுகாலம் அப்படித்தான் நம்பினேன். நம்பிக்கொண்டே புகைத்தேன்.

*

இனி நான் சொல்லத் தயங்குகிற பகுதி.

மகளுக்குப் பன்னிரண்டு வயது. பள்ளியில் யாரோ வந்து புகையிலையைப் பற்றிப் படம் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்தவள் அழுதுகொண்டே என் கையைப் பிடித்துத் தன் உச்சந்தலையில் வைத்தாள். "எந்தலை மேல சத்தியம் பண்ணுங்கப்பா, இனிமே குடிக்க மாட்டேன்னு."

எனக்கு இந்தச் சத்தியங்களில் நம்பிக்கை கிடையாது. தலையில் கை வைத்துச் சொல்வதை மீறினால் தலைக்குரியவருக்கு ஆபத்து என்பதெல்லாம் பாட்டி காலத்துப் பயம் என்று நினைப்பவன். நம்பிக்கை இல்லாததால்தான் சுலபமாகச் செய்தேன். "சத்தியமா விட்டுட்டேன்டா. இனிமே கிடையாது." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு விளையாடப் போய்விட்டாள்.

பத்தொன்பது நாள் தாங்கியது. பிறகு அலுவலகத்துக்குப் பின்னால் ஒன்று, பஸ் நிலையத்தில் ஒன்று. வீட்டுக்கு வருமுன் வாயைக் கொப்பளிப்பது, விரல்களில் எலுமிச்சை தேய்ப்பது. என் அம்மாவிடம் செய்ததையே மகளிடம் செய்தேன். முன்பு பிள்ளையாக இருந்து செய்ததை இப்போது அப்பனாக இருந்து செய்தேன் என்பதுதான் வித்தியாசம்.

அந்த மழைக்காலத்தில் அவளுக்கு டெங்கு வந்தது. நிலவேம்பு, பப்பாளி இலைச்சாறு எல்லாம் பார்த்துவிட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். தட்டணுக்கள் தினமும் குறைந்துகொண்டே வந்தன. மூன்றாம் நாள் இரவு, மனைவி சற்றுக் கண் அயர்ந்திருந்தபோது, சலைன் ஏறிக்கொண்டிருந்த கையை அசைக்காமல் அவள் என்னைக் கூப்பிட்டாள்.

"அப்பா, நீங்க சத்தியத்த மீறிட்டீங்களா?"

முதலில் எனக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. அந்தக் குழந்தை மூன்று நாளாக ஜுரத்தோடு இந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டு படுத்திருக்கிறது. தனக்கு வந்த காய்ச்சல் கொசுவால் வந்ததா, அப்பாவால் வந்ததா என்று.

"இல்லம்மா. சத்தியமா இல்ல" என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். கீழே டீக்கடையில் ஒன்றை முடித்துவிட்டு நான் மேலே வந்து அரைமணி நேரம்கூட ஆகியிருக்காது. "சரிப்பா" என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

அந்தப் பொய்யைப் பற்றி எவ்வளவோ யோசித்திருக்கிறேன். அந்த நேரத்தில் உண்மையைச் சொல்லியிருந்தால் அவள் பயத்தில் இன்னும் துவண்டிருப்பாள், ஆகவே அது கருணை என்று வாதாடலாம். வக்கீல் எனக்குள் இருக்கத்தான் செய்கிறான். ஆனால் கருணை தேவைப்படுகிற நிலைமையை உண்டாக்கியவன் நான். ‘சத்தியம் ஒன்றும் செய்யாது’ என்பது என் நம்பிக்கை. அவள் நம்பிக்கை அது இல்லை. அவள் நம்பிக்கையின் நாணயத்தில் கடன் வாங்கிவிட்டு, என் நாணயத்தில் அது செல்லாது என்று இருந்துவிட்டேன். வாக்கு கொடுக்கும்போது அதன் எடையைத் தீர்மானிப்பது கொடுப்பவனா, வாங்குகிறவரா? வாங்குகிறவர்தான் என்று இப்போது நினைக்கிறேன்.

அவள் தேறிவிட்டாள். நான் அதற்காகவும் விடவில்லை. இதைச் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரை இன்னொரு மிட்டாய் ஆகிவிடும். அந்த இரவும் விடியும்முன் நான் மறுபடி கீழே இறங்கிப் போனேன்.

*

எட்டு மாதம் கழித்து விட்டேன். ஒரு செவ்வாய்க்கிழமை. எந்த விசேஷமும் இல்லாத நாள். முந்தைய இரவு மாடிக்குப் போகவில்லை. கடைசி சிகரெட் எது என்பதே எனக்கு நினைவில்லை, ஏனென்றால் பிடிக்கும்போது அது கடைசி என்று தெரியாது. காலையில் பையில் இருந்த பெட்டியை எடுத்துக் குப்பைத்தொட்டியில் போட்டேன். பிறகு அலுவலகத்துக்குப் போகாமல், பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவளை உட்கார வைத்து, ஆஸ்பத்திரியில் சொன்னது பொய் என்று சொன்னேன்.

"தெரியும்" என்றாள். ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டே. "அன்னிக்கே வாசன வந்துச்சு."

நான் புதிதாகச் சத்தியம் எதுவும் செய்யவில்லை. அவளும் கேட்கவில்லை. "நான் விட்டுட்டேன். மறுபடி ஆரம்பிச்சா உங்கிட்ட வந்து சொல்லுவேன்" என்று மட்டும் சொன்னேன். தலையாட்டிவிட்டுப் போனாள்.

எந்த மருந்தும் உதவியும் இல்லாமல் தானாக விட முயல்பவர்களில், ஆறு மாதமோ ஒரு வருடமோ தாண்டுபவர்கள் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பேர்தான் என்கின்றன ஆய்வுகள். மருத்துவரிடம் போவதில் அவமானம் ஒன்றுமில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன். நான் போனேன். நிகோடின் சூயிங்கம் கொடுத்தார். முதல் மாதம் அது இல்லாமல் முடிந்திருக்காது. உடம்பின் வேலையை மருந்து பார்த்துக்கொள்ளும். ஆனால் மாமாவின் 42-வது நாளுக்கு மருந்து கிடையாது. அதற்கு வேறொன்று வேண்டியிருந்தது. அது என்ன என்று இப்போதுதான் சொல்லத் தெரிகிறது.

காந்தியின் சுயசரிதையில் பால் விரதம் பற்றி ஓர் அத்தியாயம் உண்டு. 1912-ல் டால்ஸ்டாய் பண்ணையில் இருந்தபோது பாலை விட்டவர் அவர். விரதம் எடுக்கத் தயங்குவது பலவீனம், பின்வாசலைத் திறந்து வைத்திருப்பது என்பது அவர் கருத்து. ஆனால் சில வருடங்கள் கழித்து, சாவின் விளிம்புக்குக் கொண்டுபோன நோயில், கஸ்தூரிபாய் சொல்ல, ஆட்டுப்பாலைக் குடிக்கிறார். விரதம் எடுத்தபோது தன் மனதில் இருந்தது பசுவும் எருமையும்தான் என்று சமாதானம். பிறகு தானே அதை ஒப்புக்கொள்கிறார். விரதத்தின் எழுத்தைக் காப்பாற்றி உயிரைக் கொன்றேன் என்ற பொருள்பட எழுதுகிறார். அந்த வலி கடைசிவரை அவருக்கு இருந்தது.

சத்தியத்துக்கு இந்த ஆபத்து எப்போதும் உண்டு. அது சொற்களால் ஆனது, சொற்களுக்கு இடுக்குகள் உண்டு. சிகரெட்தானே கிடையாது, பீடி பரவாயில்லை. காசு கொடுத்து வாங்குவதில்லை, ஓசியில் ஒன்று. இந்த ஊரில் இல்லை, வெளியூரில். ஆடு எப்போதும் எங்காவது கட்டிக் கிடக்கும். ஆனால் காந்தியிடம் என்னை நிறுத்துவது அவர் வென்றதும் இல்லை, தோற்றதும் இல்லை. அந்த ஆட்டைப் பற்றி ஊரறியச் சொன்னதுதான். கேட்பவர்கள் முன்னால் அவர் தன்னை நிறுத்திக்கொண்டார்.

‘விட்டுவிட்டேன்’ என்ற சொல்லைக் கொஞ்சம் பாருங்கள். அதில் ‘விடு’ இரண்டு முறை இருக்கிறது. முதல் ‘விடு’ கையின் வேலை. பிடித்திருந்ததை விடுவது. அதை மாமாவும் வருடாவருடம் செய்தார். இரண்டாவது ‘விடு’ துணைவினை. செயல் முடிந்தது, இனித் திரும்பிப் பார்ப்பதற்கில்லை என்பதைச் சொல்வது. சாப்பிட்டுவிட்டேன், எழுதிவிட்டேன் என்பதுபோல. முதல் ‘விடு’ சிகரெட்டை விடுகிறது. இரண்டாவது ‘விடு’, ‘பிடிக்கலாமா வேண்டாமா’ என்ற கேள்வியை விடுகிறது. எனக்கு வெகுகாலம் முதலாவது மட்டும்தான் நடந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு நாளும் நீதிமன்றம் கூடும், வழக்கு விசாரிக்கப்படும், வாய்தா கொடுக்கப்படும். தினமும் விசாரிக்கப்படுகிற வழக்கில் ஒருநாள் தோற்றால் போதும். செவ்வாய்க்கிழமை நடந்தது வழக்கில் வெற்றி இல்லை. வழக்கைக் கட்டி வைத்தது.

நாம் பக்கத்து வீட்டுப் பூட்டை உடைக்கலாமா என்று தினமும் காலையில் யோசித்து, வேண்டாம் என்று முடிவெடுப்பதில்லை. அந்தக் கேள்வியே எழுவதில்லை. உடைக்க முடியாதவர்கள் என்பதால் இல்லை. சார்த்தரின் சூதாடிக்கு இருக்கிற சுதந்திரம் நமக்கும் இருக்கிறது. ஆனாலும் வாழ்க்கையின் பெரும்பகுதி இப்படி மூடிவைத்த கேள்விகளின்மீதுதான் நிற்கிறது. நிரந்தரம் என்பது வருடங்களின் நீளம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். மூடிய கேள்வியைத் திறக்காமல் இருப்பதுதான் அது போலிருக்கிறது.

மூடிய பெட்டிக்குள் சத்தம் வராமல் இல்லை. எட்டு வருடம் கழித்தும் மழை நேரத்தில் டீக்கடையில் நின்றால் வலது கையின் இரண்டு விரல்களுக்கு நடுவில் ஒரு வெற்றிடம் தெரியும். கனவில் புகைத்துவிட்டு, அய்யோ போச்சே என்று பதறி எழுந்திருக்கிறேன். அம்மாவுக்குக் கண் மங்கி, பீடி சுற்றுவதை நிறுத்திப் பல வருடங்கள் ஆன பிறகும், திண்ணையில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது அவள் விரல்கள் முந்தானை நுனியை உருட்டி, மடக்கி, இல்லாத நூலைச் சுற்றும். நான்கு வருடத்துக்கு முன் அவள் போகிற வரைக்கும் அப்படித்தான். நான் சிகரெட்டை விட்டதைச் சொன்னபோது, என் கையைப் பிடித்து மோந்து பார்த்துவிட்டு, "ம்" என்றாள். உடம்பு மறக்காது. அது மறக்க வேண்டும் என்று காத்திருந்தால் யாரும் எதையும் விட முடியாது.

*

அந்தச் செவிலியரின் கேள்விக்கு வருகிறேன். இனிமே கிடையாதுல்ல?

நான் பேசாமல் இருந்த காரணம் இதுதான். அந்த வாக்கியத்தை ஒருமுறை நான் ஜோசியம் போலவும் சொல்லவில்லை, வாக்காகவும் சொல்லவில்லை. ஒரு குழந்தையின் அழுகையை நிறுத்தச் சொன்னேன். அதனால் அது என் வாயில் எளிதாக வருவதில்லை. உண்மையில் அது எதிர்காலத்தைப் பற்றிய தகவல் இல்லை என்று இப்போது நினைக்கிறேன். நான் தவறினால் யார் என்னைக் கேட்கலாம் என்று அது சொல்கிறது. கேட்கிற உரிமையை ஒருவருக்குக் கொடுக்காமல் தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற நிரந்தரத்தை நான் நம்புவதில்லை. மாடியில் தனியாக நின்று அதை நான் பலமுறை சொல்லியிருக்கிறேன்.

"சார்?" என்றார் செவிலியர்.

மகள் கைபேசியிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "எட்டு வருஷமாக் குடிக்கல சிஸ்டர்" என்றாள். "எனக்குத் தெரியும்."

செவிலியர் மூன்றாவது கட்டத்தில் டிக் அடித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார்.